மறதி நோய்க்குத் தரும் குளிசை ஞாபகத்தின் வாசலையே அடைக்கிறதாமே?

நல்லூர்மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 79 வயது. மூன்று வருடமாக மறதி, அல்சைமர் என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு அரை மணிநேரத்தில் "எனக்கு ஒருத்தரும் சாப்பாடு தரேல்லை" என்று அழுவார். ஆனால் 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நின்ற இரவைக் கேளுங்கள், ஒன்றும் விடாமல் சொல்வார். எந்தப் பையில் காணி உறுதி இருந்தது என்பது வரைக்கும்.

போன கிழமை கிளினிக்கில் மெமன்டின் எழுதித் தந்தார்கள். வரிசை நீளம், விளக்கம் கேட்க இடமில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில், மூளையில் உள்ள என்எம்டிஏ வாங்கியை இந்த மருந்து தடுக்கும் என்று போட்டிருக்கிறது. கொழும்பில் படிக்கும் மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "அந்த வாங்கி இல்லாவிட்டால் புதிதாக ஒன்றையும் படிக்கவே ஏலாது அம்மா" என்கிறாள்.

அப்படியென்றால் இதை ஏன் மறதிக்குத் தருகிறார்கள்? இரண்டு நாளாகக் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன், கொடுக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நரம்புக்கலம்

அக்கா, முதலில் ஒன்று. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு நாள் தவறியதை வைத்தியரிடம் சொல்லிவிட்டு, எப்படித் தொடங்குவது என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் உடற்றொழிலியல் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் காத்திருப்பேன். மகள் சொன்னதும் சரி, வைத்தியர் எழுதியதும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாக இருக்கலாம் என்பதுதான் இதில் அழகு. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்தைத் தொடுவதில்லை. இடையில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். அந்த இடத்தைத்தான் சினப்ஸ் என்கிறோம். முதல் கலம் குளுட்டமேற் என்ற பொருளை அந்த இடைவெளிக்குள் விடும். அடுத்த கலத்தின் மென்சவ்வில் இருக்கும் வாங்கிகள் அதைப் பிடிக்கும். வாங்கி என்றால் ஒரு புரதம், நடுவில் துவாரம் உள்ள புரதம்.

குளுட்டமேற்றைப் பிடிக்கும் வாங்கிகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஆம்பா வாங்கி நேரடியானது. குளுட்டமேற் வந்து ஒட்டியவுடன் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், கலத்தின் மின்னழுத்தம் ஏறும். என்எம்டிஏ வாங்கி அப்படியல்ல. குளுட்டமேற் ஒட்டினாலும் அதன் துவாரத்தில் ஒரு மகனீசியம் அயன் வந்து அடைத்துக்கொண்டு நிற்கும்.

நம் ஊர்ப் படலையை நினையுங்கள். வெளியில் ஒருவர் வந்து கொழுக்கியைக் கழற்றிவிட்டார். ஆனால் படலைக்கு ஒரு கல் முண்டு கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் ஆட்கள் எழும்பி நடமாடினால்தான் கல் நகரும். கொழுக்கி கழன்றதும் கல் நகர்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் படலை திறக்கும். கொழுக்கியைக் கழற்றுகிறவர் குளுட்டமேற், கல் மகனீசியம். உள்ளே ஆள் எழும்புவது என்பது அந்தக் கலம் ஏற்கெனவே வேறு சைகைகளால் தூண்டப்பட்டிருப்பது. மின்னழுத்தம் போதிய அளவு ஏறினால் மகனீசியம் வெளியே தள்ளப்படும். அப்போது கல்சியம் உள்ளே வரும்.

ஆக இந்த வாங்கி "இரண்டும் ஒன்றாக நடந்ததா?" என்று பார்க்கிறது. சேர்ந்து இயங்கும் கலங்களின் இணைப்பு வலுக்கும் என்று டொனால்ட் ஹெப் 1949இல் எழுதியபோது அது வெறும் ஊகம். 1984இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்த மகனீசிய அடைப்பைக் கண்டுபிடித்தன. ஹெப் தேடிய பொறி ஒரு புரதத்துக்குள் இருந்தது. இதை முதல்முறை படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மெமன்டினுக்கு வருகிறேன். நோயுற்ற மூளையில் குளுட்டமேற் எந்நேரமும் சிறிது சிறிதாகக் கசிகிறது, மகனீசியம் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை, கல்சியம் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்று கருதப்படுகிறது. படலை காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்தால், உண்மையாக ஆள் வந்தாலும் சத்தம் தெரியாதல்லவா? மெமன்டின் அதே துவாரத்தில் மகனீசியத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக உட்காரும். ஆனால் வலுவான சைகை வந்தால் சட்டென்று எழும்பி இடம் விடும். அந்த எழும்பும் வேகத்தில்தான் முழு விசயமும் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் கெற்றமைனும் இதே துவாரத்தைத்தான் அடைக்கிறது. அது லேசில் வெளியேறாது, அதனால் அதன் விளைவே வேறு.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இது நோயை மாற்றும் மருந்து இல்லை. நடுத்தர அல்லது கடுமையான நிலையில் உள்ளவர்களுக்குச் சிறிதளவு உதவும். அந்தச் சிறிதளவும் ஒரு வீட்டுக்குப் பெரிது.

நல்லூர்மகள்

தம்பி, கோடி நன்றி. வாசித்துவிட்டு அழுதேன். நாளைக்குக் காலையில் கிளினிக்குக்கு எடுத்துக் கேட்கிறேன். படலையை வைத்துச் சொன்னதால் அம்மாவுக்குக்கூட விளங்கப்படுத்தலாம் போல இருக்கிறது.

உயர்தர உயிரியல்

சேர், நான் அடுத்த வருடம் சோதனை எடுக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். கல்சியம் உள்ளே வருவது ஒரு செக்கனுக்கும் குறைவு என்றால், பத்து வருடம் கழித்தும் ஞாபகம் எப்படி இருக்கிறது? எங்கே இருக்கிறது?

காவேரிக்கரை

திருச்சியிலிருந்து படிக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி: "வாங்கி" என்பது நாங்கள் "ஏற்பி" என்று படித்ததுதானா? "கலம்" என்றால் செல்?

நரம்புக்கலம்

ஆமாம், அதேதான். இலங்கைப் பாடப்புத்தகத்தில் வாங்கி, கலம். இரண்டு பக்கமும் வாசிப்பவர்கள் பழகிக்கொள்ளலாம்.

தங்கச்சிக்கு அல்லது தம்பிக்கு (யாரென்று தெரியவில்லை): கல்சியம் ஒரு செய்தி மட்டும்தான். அது உள்ளே வந்ததும் காம்கைனேஸ் என்ற நொதியை எழுப்பும். அந்த நொதியின் துணை அலகுகள் ஒன்றுக்கொன்று பொசுபேற்றை ஏற்றிக்கொள்ளும். அதனால் கல்சியம் போன பிறகும் அது கொஞ்ச நேரம் விழித்தே இருக்கும். விழித்திருந்து என்ன செய்கிறது? கலத்துக்குள் கையிருப்பில் உள்ள ஆம்பா வாங்கிகளைச் சினப்ஸுக்குக் கொண்டுவந்து நிறுத்த வைக்கிறது. அடுத்த முறை அதே அளவு குளுட்டமேற் வந்தாலும் பதில் பெரிதாக இருக்கும். கற்றது என்பதன் முதல் உடல் வடிவம் இதுதான்: ஒரு இணைப்பில் வாங்கிகள் கூடியது. பிறகு மணிக்கணக்கில் மரபணுக்கள் வேலை செய்து புதிய புரதங்கள் வரும், சினப்ஸ் இருக்கும் சிறு முள் பருக்கும். அப்போதுதான் அது நிலைக்கும்.

இது கண்டதும் சுவையான கதை. ஒஸ்லோவில் தெர்யே லோமோ 1966இல் முயலின் ஹிப்போகாம்பஸில் (புதிய ஞாபகம் பதிய உதவும் மூளைப் பகுதி) ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். வேகமான மின் துடிப்புகளைச் சிறிது நேரம் கொடுத்தால் பதில் கூடிவிட்டது, கூடியது குறையவே இல்லை. அவரும் டிம் பிளிஸ்ஸும் சேர்ந்து அதை 1973இல் முழுமையாக வெளியிட்டார்கள். 1983இல் கிரஹாம் கொலிங்ரிட்ஜின் குழு, என்எம்டிஏ வாங்கியை அடைத்தால் அந்த வலுவூட்டம் நடக்காது என்று காட்டியது. 1986இல் ரிச்சர்ட் மொரிஸ் அதே அடைப்பானை எலிகளின் மூளைக்குள் செலுத்தி நீர்த் தொட்டியில் விட்டார். தண்ணீருக்குள் மறைந்திருந்த மேடையின் இடத்தை அவை கற்றுக்கொள்ளத் தடுமாறின. பிளிஸ், கொலிங்ரிட்ஜ், மொரிஸ் மூவருக்கும் 2016இல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு ஒன்று கிடைத்தது.

இதில் நல்லூர்மகள் அக்காவுக்கான துண்டு ஒன்றும் இருக்கிறது. முன்கூட்டியே மேடையின் இடத்தைப் படித்திருந்த எலிகளுக்கு அடைப்பானைக் கொடுத்தபோது, அவை மறக்கவில்லை. புதிதாக எழுதத்தான் அந்த வாங்கி வேண்டும். எழுதியதை வாசிக்க ஆம்பா வாங்கிகளே பெரும்பாலும் போதும்.

புலோலி வாத்தியார்

நாற்பது வருடம் படிப்பித்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. இப்போது எல்லோரும் பாடமாக்குவதைக் கேலி செய்கிறார்கள். விளங்கிப் படி, பாடமாக்காதே என்று ஒரு கூட்டம். எங்கள் மேலைப்புலோலியில் பிறந்த கதிரைவேற்பிள்ளை சதாவதானி. நூறு விடயங்களை ஒரே அமர்வில் மனதில் பிடித்து வைத்திருந்தவர். சென்னையில் திரு.வி.க.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். திண்ணையில் இருந்து நிகண்டையும் வாய்ப்பாட்டையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வளர்ந்த காலத்தின் பிள்ளைகள் அவர்கள். உங்கள் வாங்கி அதற்கு என்ன சொல்கிறது?

நரம்புக்கலம்

ஐயா, உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். பாடமாக்குவதில் பிழை இல்லை. எப்படிப் பாடமாக்கினார்கள் என்று பாருங்கள். விடியப்புறம் கொஞ்சம், பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம், விளக்கு வைத்த பிறகு அப்புவுக்கு முன்னால் நின்று ஒப்புவித்தல். அடுத்த நாளும் அதே. நடுவில் நித்திரை. இடைவெளி விட்டு, பார்க்காமல் சொல்லி, திரும்பத் திரும்ப. எபிங்ஹவுஸ் 1885இல் தன் ஞாபகத்தையே அளந்து கண்டதும் இந்த இடைவெளியின் பலத்தைத்தான்.

வாங்கியின் மட்டத்திலும் இது தெரிகிறது. 2012இல் வந்த ஒரு ஆய்வில், எலியின் ஹிப்போகாம்பஸ் துண்டங்களுக்கு ஒரு தூண்டல் கொடுத்து, பத்து நிமிடத்திலோ அரை மணியிலோ இரண்டாவது தூண்டலைக் கொடுத்தார்கள். கூடுதல் வலு ஏதும் வரவில்லை. ஒரு மணிநேரம் விட்டுக் கொடுத்தபோது முதல் முறை விடுபட்ட சினப்ஸ்களும் சேர்ந்துகொண்டன. முதல் சுற்றில் கொள்ள வேண்டியதைக் கொண்ட பிறகு சினப்ஸுக்கு ஒரு ஓய்வு தேவைப்படுகிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு ரியூசன் கொட்டிலுக்குள் பிள்ளையைத் தள்ளி, மதியம் இன்னொன்று, மாலையில் இன்னொன்று, இரவில் நான்கு தேத்தண்ணியோடு விடிய விடியப் பாஸ்ட் பேப்பர். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் என்ன செய்கிறது தெரியுமா? நித்திரையைக் கூப்பிடும் அடினோசின் வாங்கியை மறைக்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், அறிவிப்பு மட்டும் கேட்காது. அன்று படித்தது நிலைக்க வேண்டிய வேலையில் பெரும்பங்கு நித்திரையில் நடக்கிறது. அந்த நித்திரையைப் பறித்துவிட்டு, பிள்ளைக்கு மூளை காணாது என்று பெற்றோரிடம் சொல்வது அநியாயம்.

உயர்தர உயிரியல்

சேர், என் வீட்டு நிலைமையை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கிறது. இதை அம்மாவுக்குக் காட்டப் போகிறேன்.

அப்படியே இன்னொன்று. என்எம்டிஏ வாங்கியை அடைத்தால் கற்க முடியாது என்றால், அதைக் கூடத் திறக்க வைக்கும் குளிசை செய்தால் என்ன?

நரம்புக்கலம்

செய்து பார்த்தார்கள், எலியில். சிறு வயதில் நமக்கு இருக்கும் என்எம்டிஏ வாங்கிகளில் 2பி என்ற துணை அலகு அதிகம். அது இருந்தால் படலை கூடிய நேரம் திறந்திருக்கும். வளர வளர அதன் இடத்தை 2ஏ பிடிக்கும், திறப்பு நேரம் சுருங்கும். ஜோ சியென் குழு 1999இல் 2பி கூடுதலாக உள்ள எலிகளை உருவாக்கியது. அவை வேகமாகக் கற்றன, நன்றாக ஞாபகம் வைத்தன. உலகமெங்கும் செய்தி. இரண்டு வருடத்தில் இன்னொரு முடிவு வந்தது: அதே எலிகளுக்கு நாட்பட்ட வலியும் கூடுதலாக இருந்தது. வலியும் ஒரு வகையில் நரம்பு கற்றுக்கொள்வதுதானே.

அளவு மீறிக் கல்சியம் போனால் கலமே சாகும். பாரிசவாதத்தில் இரத்தம் தடைப்பட்ட இடத்தைச் சுற்றி நடப்பவற்றில் இதுவும் ஒன்று. இன்னொரு பக்கம், கல்சியம் மெதுவாக, குறைவாக வந்தால் வேறு நொதிகள் எழும்பி ஆம்பா வாங்கிகளை உள்ளே எடுத்துவிடும். இணைப்பு மெலியும். ஆய்வுகூடத்தில் செக்கனுக்கு நூறு துடிப்பு கொடுத்தால் வலுக்கும், செக்கனுக்கு ஒன்று வீதம் 900 கொடுத்தால் மெலியும். வாசல் ஒன்றுதான். வருகிற வேகத்தைப் பார்த்து மூளை கூட்டுகிறது அல்லது கழிக்கிறது. கழிக்காத மூளையில் புதிதாக எழுத இடமிருக்காது.

சுன்னாகம் சந்தை

வல்லாரையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! எங்கள் அம்மம்மா சோதனைக் காலத்தில் ஒவ்வொரு நாளும் வல்லாரைச் சம்பல் அரைப்பா. இப்போது போத்தலில் வல்லாரைப் பாணி விற்கிறார்கள், விலை நெருப்பு.

நரம்புக்கலம்

சம்பலைச் சாப்பிடுங்கள், தேசிக்காய்ப் புளி விட்டு. நல்ல கீரை. பாணிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது சோதனையில் ஞாபகத்தைக் கூட்டும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. சிலர் நீர்ப்பிரமியையும் வல்லாரையையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு செடி. நீர்ப்பிரமியை மூன்று மாதமளவு தொடர்ந்து எடுத்தவர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. சோதனைக்கு முதல் கிழமை குடித்தால் ஒன்றும் நடக்காது.

பங்கர்ப்பிள்ளை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதவா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

1990இல் எனக்கு ஒன்பது வயது. பொம்பர் சுற்றத் தொடங்கினால் அப்பா எங்களை இழுத்துக்கொண்டு பின்வளவில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவார். இன்றைக்கு எனக்கு இரண்டு பிள்ளைகள். ஹெலி ஒன்று தாழப் பறந்தால் கை தானாகப் பிள்ளையின் தலையை அமுக்குகிறது. சண்டை முடிந்து எவ்வளவு காலம்! என் மூளைக்கு ஏன் அது விளங்குவதில்லை? அந்த ஞாபகத்தை அழிக்க ஏலாதா?

நரம்புக்கலம்

அண்ணை, எழுதியதற்கு நன்றி. உங்கள் மூளை பிழையாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை உயிரோடு வைத்திருக்க அது படித்த பாடம் அது.

சத்தமும் ஆபத்தும் ஒன்றாக வந்தபோது, பயத்தைப் படிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் இதே படலை திறந்தது. அதோடு அட்ரினலின், நோரட்ரினலின் பாய்ந்தன. அவை பீற்றா வாங்கிகள் வழியாக "இதை ஆழமாக எழுது" என்று மூளைக்குச் சொல்லும். 1994இல் ஒரு ஆய்வில், பீற்றா வாங்கியை அடைக்கும் புரோபிரனலோல் கொடுத்துவிட்டு ஒரு கதையைக் காட்டினார்கள். கதையில் மனதை உலுக்கும் பகுதி வழக்கத்தைவிடக் குறைவாகவே ஞாபகத்தில் நின்றது, சாதாரணப் பகுதிகள் அப்படியே இருந்தன. நல்லூர்மகள் அக்காவின் அம்மாவுக்கு நாவற்குழிப் பாலம் மறக்காததற்கும் இதில் பங்கு உண்டு.

அழிக்க ஏலுமா என்றால், பெரும்பாலும் இல்லை. பயம் தணிவது என்பது பழைய எழுத்து அழிவதால் அல்ல. "ஹெலி வந்தது, ஒன்றும் நடக்கவில்லை" என்று மேலே இன்னொரு பாடம் எழுதப்படுவதால். அந்தப் புதிய பாடத்துக்கும் என்எம்டிஏ வாங்கி வேண்டும். அதை அமிக்டலாவில் அடைத்தால் எலிகளின் பயம் தணியவில்லை என்று 1992இலேயே கண்டார்கள். காசநோய்க்குப் பயன்பட்ட டீ-சைக்ளோசெரின் என்ற மருந்து இந்த வாங்கிக்குச் சிறிது துணை செய்யும். அதைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து உயரத்துக்குப் பயந்தவர்களில் சோதித்து 2004இல் நல்ல பலன் சொன்னார்கள், பின்னால் வந்த முடிவுகள் கலப்பாக இருந்தன. மருந்து இல்லாவிட்டாலும், பழகிய உளநல வைத்தியரோடு மெல்ல மெல்லச் செய்யும் பயிற்சி உதவுகிறது. தயவுசெய்து ஒருவரைப் பாருங்கள். முப்பத்தைந்து வருடம் தனியாகச் சுமந்தது போதும்.

புலோலி வாத்தியார்

தம்பி பங்கர்ப்பிள்ளை, எங்கள் வீட்டிலும் அதேதான். மனைவி இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே பார்க்கிறா. நாங்கள் இதை ஒருவரோடும் கதைத்ததில்லை. நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

இரவுத்தாதி

ஒன்றைச் சேர்க்கிறேன், அவசியமானது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த வார்டுக்கு ஒரு இளம் பெண் வந்தாள். இரண்டு கிழமையாக உளறல், நித்திரை இல்லை, வாயைக் கோணலாக இழுப்பது, பிறகு வலிப்பு. பேய் பிடித்ததென்று ஊரில் கழிப்புக் கழித்து, உடம்பெல்லாம் வேப்பிலைத் தழும்போடு கடைசியில் கொண்டுவந்தார்கள். அவளுடைய உடம்பின் எதிர்ப்புப் புரதங்களே இந்த என்எம்டிஏ வாங்கியைத் தாக்கிக்கொண்டிருந்தன. இந்த நோயை 2007இல்தான் ஜோசெப் தல்மாவ் குழு அடையாளம் கண்டது. இளம் பெண்களில் சிலருக்குச் சூலகத்தில் ஒரு கட்டி இருக்கும், அதை எடுத்தால் தேறுவார்கள். நேரத்துக்கு வந்தால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள். திடீரென்று ஒரு பிள்ளை ஆளே மாறிப்போனால், முதலில் ஆஸ்பத்திரி.

அவள் தேறினாள். ஆனால் வார்டில் கிடந்த அந்த ஒன்றரை மாதம் அவளுக்கு ஞாபகமே இல்லை. தன் கையில் இருந்த தழும்பைக் காட்டி, இது என்ன அக்கா என்று என்னிடம் கேட்டாள்.

நரம்புக்கலம்

அக்கா, நான் எழுதியிருக்க வேண்டியது இது. வாங்கிகளை உடம்பு தாக்கிக் குறைத்திருந்த நாட்களில் புதிதாக எழுத வழியில்லை, அதனால் அந்த ஒன்றரை மாதம் அவளுக்கு வெறுமை. நன்றி.

நல்லூர்மகள்

கிளினிக்கில் கேட்டேன். குறைந்த அளவில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கூட்டச் சொன்னார்கள். இன்றோடு ஆறாம் நாள். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு நான் தேவாரத்தைத் தொடங்கினேன், இரண்டாம் அடியில் எனக்குத் தடக்கிவிட்டது. அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே எடுத்து, பத்துப் பாட்டையும் பண்ணோடு பாடி முடித்தா. ஐந்து வயதில் அவவின் அப்பு சொல்லிக்கொடுத்தது. முடிந்ததும் என்னைப் பார்த்து, "பிள்ளை நீ ஆர்?" என்று கேட்டா.

தம்பி, பாட்டு எங்கே இருக்கிறது, நான் எங்கே போனேன் என்பதை நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அவசரமில்லை.

நரம்புக்கலம்

எழுதுகிறேன் அக்கா. இன்றிரவு இவ்வளவு மட்டும். புதிய ஞாபகங்கள் முதலில் ஹிப்போகாம்பஸை நம்பி நிற்கும். வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தவை மெல்ல மூளையின் மேற்பட்டைக்குக் குடிமாறும். 1953இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் பெரும்பகுதி எடுத்தார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை சந்தித்த மனிதர்களை அவரால் ஞாபகம் வைத்திருக்க முடியவில்லை. சிறுவயது அவரிடம் இருந்தது. அல்சைமர் தொடக்கத்தில் தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. எழுபது வருடமாக வெள்ளிக்கு வெள்ளி பாடிய பாட்டு அதற்கு எட்டாத இடங்களில் பரவிக் கிடக்கிறது. இசையும் வாயசைவும் வேறு வேறு வழியாக அதைத் தாங்குகின்றன.

உங்கள் முகம் வருடா வருடம் மாறியிருக்கிறது அக்கா. அவ தேடுவது ஒருவேளை பத்து வயது மகளாக இருக்கலாம். பழைய படம் ஏதும் இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள்.

நல்லூர்மகள்

படங்கள் எல்லாம் 95இல் போய்விட்டன. கனடாவில் இருக்கும் சித்தியிடம் ஒன்று இருக்கும், இப்போதே கேட்கிறேன்.